ஜேன் ஆஸ்டின் எழுதாத குளியல்: ஒரு காதல் நாவல் டிவி தொடராவது எப்படி?

2013-ல் லண்டன் ஹைட் பார்க்கில் உள்ள செர்பென்டைன் ஏரியில் 12 அடி உயரச் சிலை ஒன்றை இறக்கினார்கள். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, பாதி உடம்பு தண்ணீருக்குள் இருக்க, முறைத்தபடி நிற்கும் ஓர் ஆண். யாரென்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் நாயகன் டார்சி. புதிதாக வந்த ஒரு டிவி சேனலுக்கு விளம்பரம் அது.

வேடிக்கை என்னவென்றால், நாவலில் டார்சி குளிப்பதே இல்லை. 1995-ல் பிபிசி எடுத்த தொடரில்தான் குளத்தில் குதிக்கிறார். அதிலும்கூட, அவர் சொட்டச் சொட்டத் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும் காட்சி கிடையாது. குதிக்கிறார், நீருக்கடியில் ஒரு ஷாட், அடுத்து ஈரச் சட்டையோடு புல்வெளியில் நடந்து வருகிறார். எழுந்து நிற்கும் காட்சியை ரசிகர்கள் தங்கள் மனத்துக்குள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள், சிலையும் அதற்குத்தான் வைத்தார்கள்.

பழைய காதல் நாவல்களைத் தொடராக எடுப்பதைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ‘நாவலில் உள்ளபடியே எடுத்திருக்கிறார்களா?’ என்பதுதான் நாம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: நாவல் யார் கண்ணால் கதையைப் பார்த்தது, தொடர் யார் கண்ணால் பார்க்கிறது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், எந்தத் தொடர் எதை ஏன் மாற்றியது என்பது தானாகப் புலப்படும்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1813-ல் வெளியானது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் வருடத்துக்கு 2,000 பவுண்டு வருமானமுள்ள பென்னட் குடும்பம். ஐந்தும் பெண். சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டி வைத்திருப்பதால், அப்பா கண்ணை மூடினால் வீடு காலின்ஸ் என்ற தூரத்து உறவுக்காரருக்குப் போய்விடும். அதனால்தான் அம்மாவுக்கு மாப்பிள்ளை தேடுவதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. இரண்டாவது பெண் எலிசபெத்துக்கு வாயும் புத்தியும் அதிகம். டார்சிக்கு வருட வருமானம் 10,000 பவுண்டு, கர்வமும் அதற்குத் தக்கபடி. முதல் நடன விருந்திலேயே அவள் காதில் விழும்படி அவளை மட்டம் தட்டுகிறார். அவள் அதை மறக்கவில்லை. கூடவே விக்கம் என்ற அழகான ராணுவ அதிகாரி வந்து டார்சியைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்ல, அதையும் நம்பிவிடுகிறாள். அவர் எப்படிப்பட்டவர், தான் எவ்வளவு தப்பாக எடை போட்டோம் என்று அவள் உணர்வதுதான் கதை.

இந்த ‘அவள் உணர்வது’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆஸ்டின் நம்மை எலிசபெத்தின் தோளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறார். மிகச் சில இடங்கள் போக, அவளுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். டார்சி அறையை விட்டு வெளியே போனால் நாவலை விட்டே வெளியே போனது போலத்தான். அவர் தனியாக என்ன செய்கிறார், ராத்திரி தூங்கினாரா என்றெல்லாம் ஆஸ்டின் வாயைத் திறப்பதில்லை. அதனால் எலிசபெத் தப்புக் கணக்குப் போடும்போது வாசகரும் சேர்ந்தே போடுகிறார்.

1995 தொடருக்குத் திரைக்கதை எழுதியவர் ஆண்ட்ரூ டேவிஸ். முந்தைய ஆண்டுதான் ‘மிடில்மார்ச்’ நாவலை பிபிசிக்குத் தொடராக்கியிருந்தார். ஆஸ்டின் மூடி வைத்த கதவை அவர் திறந்துவிட்டார். தொடர் தொடங்குவதே டார்சியும் நண்பர் பிங்லியும் குதிரையில் பாய்ந்து வரும் காட்சியோடுதான். மேட்டிலிருந்து எலிசபெத் பார்க்கிறாள். நாவலில் இப்படி ஒரு காட்சி இல்லை. பிறகு டார்சி தொட்டியில் குளிக்கிறார், ஜன்னல் வழியாகக் கீழே நாயோடு விளையாடும் அவளைப் பார்க்கிறார். வாள்வீச்சுப் பயிற்சி செய்துவிட்டு, ‘இதை நான் வென்றே தீருவேன்’ என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார். எதை வெல்வார் என்று சொல்ல வேண்டுமா! குளமும் இந்த வரிசையில் வருவதுதான்.

இதனால் என்ன ஆகிறது? எலிசபெத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் டார்சியை வெறுத்துக்கொண்டிருக்கும்போதே, அவர் உருகுவதை நாம் பார்க்கிறோம். ஒரு பெண் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் கதை, இருவர் எப்போது சேர்வார்கள் என்று காத்திருக்கும் கதையாகிவிடுகிறது.

லண்டன் காட்சிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கடைசித் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போகிறாள், குடும்ப மானம் போகிறது. யாரோ பணம் கொடுத்து இருவருக்கும் கல்யாணம் முடித்து வைக்கிறார்கள். அது டார்சி என்பது நாவலில் 52-வது அத்தியாயத்தில், அத்தை எழுதும் கடிதத்தில்தான் எலிசபெத்துக்குத் தெரிகிறது, நமக்கும் அப்போதுதான். தொடரிலோ டார்சி லண்டன் சந்துகளில் அலைந்து திரிந்து தேடுவதை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். நாவலில் நமக்குக் கிடைப்பது திகைப்பு. தொடரில் ‘இவளுக்கு எப்போது தெரியப்போகிறது?’ என்ற தவிப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரை அடுத்த வாரமும் உட்கார வைக்க வேண்டும். அதற்குத் திகைப்பைவிடத் தவிப்பு நன்றாக வேலை செய்யும்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அது டார்சியின் கடிதம்.

டார்சி சொன்ன காதலை எலிசபெத் மறுத்துவிடுகிறாள்; மறுநாள் காலை அவர் ஒரு நீண்ட கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். 35-வது அத்தியாயம் முழுக்க அந்தக் கடிதம்தான். 36-வது முழுக்க அவள் அதைப் படிப்பது. முதலில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். விக்கம் சொன்னதையும் இவர் சொல்வதையும் வரிக்கு வரி வைத்துப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் வெறும் வாய்ச்சொல்தான், கையில் ஆதாரம் எதுவும் இல்லை. விக்கம் நல்லவன் என்று நினைக்கத் தன்னிடம் இருந்த ஒரே காரணம் அவன் முகமும் பேச்சும்தான் என்று மெல்லப் பிடிபடுகிறது. இதுவரை தன்னைத் தானே அறிந்திருக்கவில்லை என்று அவள் சொல்லிக்கொள்ளும் இடம் அது. இரண்டு மணி நேரம் அந்தப் பாதையிலேயே நடந்துகொண்டிருக்கிறாள். நாவலின் உச்சம் இதுதான் என்பேன். இதில் நடப்பது என்ன? ஒரு பெண் ஒரு காகிதத்தைப் படிக்கிறாள். கேமராவுக்கு இங்கே வேலையே இல்லை.

தொடர் என்ன செய்தது? டார்சி ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுவதைக் காட்டுகிறது. அவர் குரல் ஓட, பிளாஷ்பேக்கில் கேம்பிரிட்ஜில் விக்கம் அடித்த கூத்தும், கடற்கரை ஊரான ராம்ஸ்கேட்டில் டார்சியின் சின்னத் தங்கையை அவன் மயக்கிய கதையும் வருகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையில் கண்ணால் பார்த்ததை யாரும் சந்தேகப்படுவதில்லை. பிளாஷ்பேக் காட்டிவிட்டால் அது சாட்சி. எலிசபெத் ஆதாரமே இல்லாமல் யோசித்து யோசித்து வந்து சேரும் இடத்துக்கு நாம் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம். யோசிக்கும் சிரமம் நமக்கு மிச்சம், அந்தச் சிரமத்தில் இருந்த சுகமும் போச்சு.

இதற்கு நேர்மாறாக, நாவலில் இல்லாததைத் திரை கட்டாயம் எழுதியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. 34-வது அத்தியாயத்தில் டார்சி காதலைச் சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமே கொண்டாடும் காட்சி. புத்தகத்தைத் திறந்து பார்த்தால், டார்சி நேரடியாகப் பேசுவது ஆரம்பத்தில் ஓரிரு வரிகள்தான். எவ்வளவோ போராடிப் பார்த்தும் முடியவில்லை, உங்களை எவ்வளவு நேசிக்கிறேன் என்று சொல்ல அனுமதியுங்கள் என்று தொடங்குகிறார். பிறகு ஆஸ்டின் அவர் வாயை மூடிவிட்டுத் தானே சொல்ல ஆரம்பிக்கிறார்: நன்றாகத்தான் பேசினார், ஆனால் அன்பைப் பற்றிப் பேசியபோது இருந்த சரளத்துக்குக் கர்வத்தைப் பற்றிப் பேசியபோதும் குறைவில்லை, அவளுடைய குடும்பம் தனக்கு எவ்வளவு தாழ்ந்தது என்பதை விலாவாரியாக விளக்கினார் என்கிற ரீதியில். குத்தல் எல்லாம் ஆஸ்டினுடைய குரலில் இருக்கிறது.

நடிகர் காலின் ஃபிர்த் அங்கே நிற்கிறார். அவருக்கு வசனம் வேண்டும். ‘விலாவாரியாக விளக்கினார்’ என்பதை நடிக்க முடியாது. எனவே டேவிஸ் அந்தப் பேச்சை எழுதினார்: என் குடும்பத்தின் விருப்பத்துக்கும், நண்பர்களின் விருப்பத்துக்கும், சொல்லவே வேண்டாம், என் சொந்த அறிவுக்கும் எதிராகத்தான் இதைச் சொல்கிறேன் என்று போகும் அது. கேட்டால் ஆஸ்டினே எழுதியது போல இருக்கும். எலிசபெத்தாக வரும் ஜெனிஃபர் ஈலி அப்போது பதில் பேசுவதில்லை. முகத்தில் கோபம் ஏறிக்கொண்டே போவதை மட்டும் காட்டுகிறார். ஆஸ்டினின் குத்தல் அந்த முகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவருக்கு சிறந்த நடிகைக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்ததில் ஆச்சரியமில்லை. மூன்றாவது எபிசோட் இந்தக் காட்சியோடுதான் முடிகிறது. மொத்தம் ஆறு எபிசோட். அதாவது தொடரின் சரிபாதியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

தழுவலில் மிகக் கஷ்டமான வேலை ஆசிரியரின் குரலைக் கடத்துவதுதான். நல்ல சொத்துள்ள பிரம்மச்சாரிக்கு மனைவி தேவை என்பது உலகமே ஒத்துக்கொண்ட உண்மை என்று நாவல் ஆரம்பிக்கிறது. மாப்பிள்ளை தேவைப்படுவது உண்மையில் பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் என்பது அடுத்த பக்கத்திலேயே தெரிந்துவிடும். திரையில் இதை யார் சொல்வது? குரலாக ஓடவிட்டால் பாடம் நடத்துவது போல இருக்கும். 1995 தொடரில் தேவாலயத்திலிருந்து குடும்பம் நடந்து வரும்போது, அம்மாவின் பரபரப்பைப் பார்த்து எலிசபெத்தே அதைக் கிண்டலாக அப்பாவிடம் சொல்லிவிடுகிறாள். போகிற போக்கில் வந்து போகிறது. இவள்தான் இந்தக் கதையில் நம் ஆள் என்பதும் பதிந்துவிடுகிறது.

இதையும்விட எனக்குப் பிடித்தது கடைசி எபிசோடில் வரும் கல்யாணம். நாவலில் கல்யாணத்துக்கு ஒரு வாக்கியம்தான், அதுவும் இரண்டு பெண்களைத் தள்ளிவிட்ட அம்மாவின் சந்தோஷத்தைப் பற்றியது. தொடர் என்ன செய்கிறதென்றால், திருமணம் எதற்காக ஏற்படுத்தப்பட்டது என்று பாதிரியார் ஒவ்வொரு காரணமாகப் படித்துக்கொண்டிருக்க, கேமராவை மற்ற ஜோடிகள் பக்கம் திருப்புகிறது. உடல் இச்சையால் வரும் பாவத்துக்கு மருந்து என்ற வரி வரும்போது திரையில் லிடியாவும் விக்கமும் இருக்கிறார்கள். புதிதாக ஒரு வசனம்கூட எழுதவில்லை. இருந்த வழிபாட்டு வாசகத்தையும் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததில் ஆஸ்டினின் கிண்டல் அப்படியே வந்துவிட்டது. தழுவல் என்றால் இதுதான் என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் இந்தச் சில நிமிடங்களைக் காட்டுவேன். அதற்கடுத்து வண்டிக்குள் முத்தம். அது நாவலில் இல்லை. இருக்கட்டும், ஆறு வாரம் காத்திருந்தவர்களுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஏன் சினிமாவைவிட டிவிக்கு இந்த நாவல்கள் ஒத்துவருகின்றன என்பதற்கு முதல் காரணம் நேரம். ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ 61 அத்தியாயம். 2005-ல் கீரா நைட்லி நடித்து வந்த படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தொடரோ ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். காலின்ஸ் எலிசபெத்திடம் கேட்டு மறுக்கப்பட்டு, ஓரிரு நாளில் அவளுடைய தோழி ஷார்லட்டிடம் கேட்டு, அவளும் சரி என்று சொல்வதற்குப் பின்னால் உள்ள கணக்கு — இதையெல்லாம் ஆற அமரச் சொல்லத் தொடரில்தான் இடம் இருக்கிறது. ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலின் 1939 ஹாலிவுட் படத்தில் இரண்டாம் தலைமுறையையே வெட்டி எறிந்துவிட்டார்கள். பாதி நாவல் போயே போச்சு.

இன்னொரு காரணம், இவற்றில் பல பிறந்ததே தவணை முறையில்தான். எலிசபெத் கேஸ்கெல்லின் ‘நார்த் அண்ட் சவுத்’ 1854-55-ல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடர்கதையாக வந்தது. ‘அடுத்த இதழில் பார்க்கலாம்’ என்று நிறுத்தும் கலை நம் வார இதழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணமும் ஒரு காரணம். ஆஸ்டின் இறந்தது 1817-ல். உரிமைத்தொகை என்று யாருக்கும் எதுவும் தர வேண்டாம். அந்தக் காசை உடைக்கும் குதிரைக்கும் செலவழிக்கலாம்.

செலவழிக்கத்தான் செய்தார்கள். 1980-ல் பிபிசி இதே நாவலை எடுத்தபோது வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை ஸ்டுடியோவில் செட் போட்டு வீடியோவில் எடுத்தார்கள். எழுதியவர் நாவலாசிரியை ஃபே வெல்டன். இன்று பார்த்தால் நாடக மேடை மாதிரி இருக்கும். 1995-ல் இயக்குநர் சைமன் லாங்டன் முழுவதையும் ஃபிலிமில், பெரும்பாலும் நிஜமான பழைய வீடுகளில் எடுத்தார். டார்சியின் பெம்பர்லி மாளிகைக்கு வெளிப்புறம் செஷயரில் உள்ள லைம் பார்க், உட்புறம் டெர்பிஷயரில் உள்ள சட்பரி ஹால். கதவைத் திறந்து உள்ளே நுழைகிறவர் வேறு மாவட்டத்தில் போய் இறங்குகிறார்! கடைத்தெருக் காட்சிகளுக்கு வில்ட்ஷயரில் லேகாக் என்ற கிராமம். இப்படி வெளியே வந்ததால் எலிசபெத் வயல்வெளியில் ஓடவும் முடிந்தது, டார்சி குளத்தில் விழவும் முடிந்தது.

மாற்றுவது எல்லாம் கெடுப்பது இல்லை என்பதற்கு ‘நார்த் அண்ட் சவுத்’ நல்ல உதாரணம். 2004-ல் சாண்டி வெல்ச் எழுத, பிபிசி நான்கு எபிசோடாக எடுத்தது. தெற்கிலிருந்து தொழில் நகரத்துக்குக் குடிவரும் மார்கரெட், அங்கே பஞ்சாலை நடத்தும் தோர்ன்டன். நாவலில் அவர்கள் சாதாரணமாகத்தான் முதலில் சந்திக்கிறார்கள். தொடரில் அவள் ஆலைக்குள் நுழையும்போது பஞ்சு பனி போலப் பறந்துகொண்டிருக்கிறது, தோர்ன்டன் ஒரு தொழிலாளியைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறார். அவன் ஆலைக்குள் புகை பிடித்தவன். ஒரு பொறி போதும், அத்தனை பேரும் கருகிவிடுவார்கள். அவளுக்கு அது தெரியாது. வெறுப்புக்கு ஒரு காரணமும் அந்த வெறுப்பில் ஒரு பிழையும் ஒரே காட்சியில் வந்துவிட்டன. முடிவையும் மாற்றினார்கள். நாவலில் லண்டன் வீட்டு அறைக்குள் முடியும் கதை, தொடரில் வடக்கே போகும் ரயிலும் தெற்கே போகும் ரயிலும் நிற்கும் ஒரு நடுவழி ஸ்டேஷனில் முடிகிறது. வார இதழில் இடம் போதாமல் முடிவை அவசரமாகச் சுருக்க வேண்டியிருந்ததே என்று கேஸ்கெல் நொந்துகொண்டவர், புத்தகமாக வந்தபோது அதை விரித்தும் எழுதினார். ரயில் நிலையத்தைப் பார்த்திருந்தால் கோபித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

காலத்தையும் ஊரையும் அடியோடு மாற்றிவிடுவது இன்னொரு வழி. 2000-ல் ராஜீவ் மேனன் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ சினிமாதான், தொடர் இல்லை. ஆனாலும் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ தபுவாகவும் ஐஸ்வர்யா ராயாகவும் செட்டிநாட்டு வீட்டில் உலவியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆங்கிலேயச் சொத்துச் சட்டம் அங்கே உயிலாக வந்தது. வீடு கையை விட்டுப் போனால் பெண்களின் கதி என்ன என்ற பயம் மட்டும் மாறவில்லை. அந்தப் பயத்தைக் கழற்றிவிட்டு அழகான உடையையும் நடனத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் தழுவல்கள்தான் எனக்கு அலுப்பூட்டுகின்றன. ஷார்லட் ஏன் அந்த அசட்டுக் காலின்ஸைக் கட்டிக்கொண்டாள் என்பது புரியாவிட்டால், எலிசபெத் 10,000 பவுண்டுக்காரரை வேண்டாம் என்று சொன்னதில் என்ன துணிச்சல் இருக்கிறது?

முதலில் படிப்பதா, பார்ப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. 34-வது அத்தியாயம் வரை நாவலைப் படியுங்கள். அங்கே நிறுத்திவிட்டு, தொடரின் முதல் மூன்று எபிசோடைப் பாருங்கள். நான்காவதைப் போடும் முன் புத்தகத்துக்குத் திரும்பி 35, 36 இரண்டையும் படித்துவிடுங்கள். கடிதத்தை முதலில் எலிசபெத்தோடு சேர்ந்து, எந்த பிளாஷ்பேக்கும் இல்லாமல் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு டார்சி குளத்தில் குதித்தாலும் கிணற்றில் குதித்தாலும் பரவாயில்லை.